ஆற்றுக்கரைக்குச் சவரம்

2022 ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடலூரில் வேலையில் இருந்தேன். பக்கத்துக் கொல்லைக்காரரிடமிருந்து போன். "தம்பி, ஆத்தங்கரைய சுத்தம் பண்ணிகினு வராங்கப்பா, வண்டி நம்ம ஓடைக்கிட்ட வந்துடுச்சி, உன் நொச்சி கிச்சியெல்லாம் இருக்காது போலருக்கு." பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் எங்கள் கொல்லையை ஒட்டிய கரையில் பெரும்பகுதி வழித்துத் துடைத்தாகிவிட்டது. நாணல் இல்லை, நொச்சி இல்லை, இடுப்பு உயரம் வந்திருந்த நாவல் கன்றுகள் இல்லை. செம்மண்ணும் வண்டலும் கலந்த ஈர மண் பளபளவென்று வெயிலில் கிடந்தது. ஆறு வருட வேலை.

ஜேசிபி ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், அவன்மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. "சார், முள்ளு பொதரு எல்லாத்தையும் எடுத்து கரைய நீட்டா காட்டணும்னாங்க, முன்ன ஒரு போட்டோ, பின்ன ஒரு போட்டோ எடுக்கணுமாம்" என்றான். எந்த அலுவலகம், எந்த காண்ட்ராக்ட் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அதைவிட என்னைக் குத்தியது கொல்லைக்காரர் சொன்னதுதான். கரைமேல் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "பாக்க நல்லாத்தான்பா இருக்கு, ஷேவிங் பண்ணி விட்டாப்ல" என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கரை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்மில் பாதிப் பேருக்கு மேல் நினைக்கிறோம். செடி முளைத்திருந்தால் அது பராமரிப்பு இல்லாத கரை. இந்தக் கட்டுரை அந்த நினைப்பின்மேல் எனக்கு இருக்கிற வழக்கு.

எங்கள் கொல்லை இருப்பது தென்பெண்ணையின் தென்கரையில், கண்டரக்கோட்டைப் பாலத்துக்குக் கிழக்கே. ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேரும்போது கடலுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். எதிர்க்கரையில் புதுச்சேரி மாநிலத்து ஊர்கள் தொடங்கிவிடும். ஒரே ஆறு, ஒரே வெள்ளம், இரண்டு அரசாங்கம். இந்தக் கரையை உயர்த்தினால் அந்தக் கரைக்காரர் சண்டைக்கு வருவார், அங்கே கல் கொட்டினால் தண்ணீர் நம் பக்கம் திரும்பும். மரத்துக்கு அந்த எல்லைக் கணக்கெல்லாம் கிடையாது. புங்கன் காய் மிதந்து போய் எந்த மாநிலத்தில் ஒதுங்கினாலும் முளைக்கும்.

அப்பா சொல்லும் கரையை நான் பார்த்ததில்லை. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆற்று ஓரம் முழுக்க நாணல், அதற்கு மேலே சரிவில் நொச்சியும் தாழையும், மேல்கரையில் நீர்மருது, நாவல், புங்கன், இலுப்பை, அத்தி, இடையிடையே பனை. கோடையில் ஆறு வற்றினாலும் வளைவுகளில் மடு நிற்கும், மடுவின்மேல் மரநிழல் இருக்கும், அதனால் விராலும் கெளுத்தியும் சித்திரை வெயிலைத் தாண்டிவிடும். இப்போது மடு இருந்தாலும் நிழல் இல்லை. பங்குனி முடிவதற்குள் தண்ணீர் சுட ஆரம்பித்து, மீன் வெள்ளையாக மிதக்கும். நம் பழைய திணைக் கணக்கில் வயல் நிலத்துக்கே மருதம் என்றுதான் பெயர், ஆற்றோரம் நிற்கிற ஒரு மரத்தின் பெயர். கடலூருக்குப் பக்கத்தில் ஆறு கடலில் கலக்கிற இடத்து ஊர் தாழங்குடா. பெயரில் தாழை நிற்கிறது, கரையில் தேட வேண்டியிருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் பாதிரி மரத்தைப் பார்க்கக் கோயிலுக்குப் போக வேண்டும், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரத்தைப் பார்க்கப் பிச்சாவரம் போக வேண்டும். மரத்தை ஊர்ப்பெயரில் வைத்துவிட்டு ஊரிலிருந்து அனுப்புவதில் நாம் கெட்டிக்காரர்கள்.

சரி, எப்படிப் போனது? ஒரே காரணம் இல்லை. கரும்பும் வாழையும் ஆற்று விளிம்பு வரைக்கும் இறங்கின. விறகுக்கும் செங்கல் சூளைக்கும் மரம் போனது. பிறகு மணல். ஆற்றுப் படுகையில் மணல் எடுத்து எடுத்துத் தரை கீழே இறங்கியதும், கரையில் மிச்சமிருந்த மருத மரங்களின் வேர் அந்தரத்தில் தொங்கியது. எங்கள் பக்கத்தில் கடைசியாக நின்ற ஒரு மருது அப்படித்தான் விழுந்தது. ஆற்றங்கரை மரம் என்றாலே விழுந்துவிடும் என்றுதான் சின்ன வயதில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். தரையை இத்தனை அடி இறக்கினால் எந்த மரம்தான் நிற்கும்? காலியான இடத்தில் சீமைக்கருவேலம் வந்தது. அது 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்கக் கண்டத்து மரம். ஆடும் மாடும் நெற்றைத் தின்னும், விதை சாணத்தோடு எரு சேர்ந்து வெளியே வரும், அதற்குமேல் அதற்கு என்ன வேண்டும். தண்ணீர் ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு. பெயரைக் கேட்டால் நம் மாவட்டத்துச் செடி போலத் தோன்றும், அதுவும் தென்னமெரிக்கா. ஒடித்துப் போட்ட தண்டு ஈரத்தில் கிடந்தாலே வேர் விட்டுவிடும், அதனால் அதை வெட்டி வாய்க்காலிலேயே தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

2015 நவம்பர் வெள்ளம் கடலூர் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. எங்கள் கரையும் நாலைந்து இடத்தில் வாய் பிளந்தது. அடுத்த வருடம் ஐப்பசியில் நானும் நண்பர்கள் மூன்று பேரும் கிளம்பிப் போய் 200 கன்று நட்டோம். எல்லாரும் செய்கிற மாதிரியே. மேல்கரையில் ஒரே வரிசை, பத்தடிக்கு ஒன்று, வேம்பும் புங்கனும், இலவசமாகக் கிடைத்ததால் கொஞ்சம் மகோகனியும். போட்டோ எடுத்தோம், பேஸ்புக்கில் போட்டோம், நிறைய லைக் வந்தது. அடுத்த சித்திரையில் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை 14. ஆடு தின்றது பாதி, காய்ந்தது மீதி.

அந்த 14ம் தப்பான இடத்தில் நிற்கின்றன என்று எனக்குச் சொன்னது அங்கே ஆடு மேய்க்கிற ஒரு ஆயா. "கர மேலேர்ந்து இடியறது இல்லப்பா. அடியில நோண்டும். நீ தலைக்குப் பூ வச்சிட்டு காலுக்குச் செருப்பு போடாம விட்டுட்ட" என்றார். பல வருடம் கழித்து இதைப் பற்றிப் படித்தபோது அதே விஷயம்தான் நீளமாக எழுதியிருந்தது. வெள்ளம் கரையின் அடியைக் குடைகிறது. மேலே மண் கூரை மாதிரி நிற்கிறது. தண்ணீர் நிறைந்திருக்கும்வரை அந்தத் தண்ணீரே முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது. வெள்ளம் சட்டென்று வடியும்போதுதான் ஊறிப்போன மண் தன் பாரத்திலேயே பொத்தென்று சரிகிறது. வெள்ளத்தன்று நின்ற கரை இரண்டு நாள் கழித்து வெயிலில் இடிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேல்கரையில் வைத்த ஒற்றை வரிசை மரத்துக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, மண்ணோடு சேர்ந்து விழுவதைத் தவிர.

அப்புறம்தான் கீழிருந்து தொடங்கினோம். தண்ணீர் ஓரத்தில் மரமே கூடாது, வளைகிற சாதி வேண்டும். நாணல் தானாக வரும், அதைக் கொளுத்தாமல் விட்டால் போதும். வெள்ளம் வந்தால் நாணல் படுத்துக்கொள்ளும், அதன்மேல் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும், போகும்போது வண்டலை அதன் தலையிலேயே கொட்டிவிட்டுப் போகும். நாணல் இல்லாத இடத்தில் வெட்டிவேர். அதற்கு நாம் அலைய வேண்டியதில்லை, கடலூருக்குத் தெற்கே கடலோர மணலில் வெட்டிவேர் பயிரே செய்கிறார்கள். வேருக்காகத் தோண்டி எடுத்தபிறகு மிஞ்சுகிற தூரைப் பிரித்தால் நாற்று. வேர் ஒரு ஆள் உயரத்துக்குமேல் நேராக இறங்கும், பக்கத்தில் பரவி அடுத்தவன் நிலத்தைப் பிடிக்காது. கரையில் வைத்ததை மட்டும் வேருக்கு ஆசைப்பட்டுத் தோண்டக் கூடாது. எங்கள் ஊரில் ஒருவர் தோண்டினார், கிலோ விலை கேட்டு வந்த ஆசை.

சரிவுக்கு நொச்சி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செலவே இல்லாத வேலை இது. கட்டைவிரல் கனமுள்ள முற்றிய கிளை, இளசு வேண்டாம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நறுக்கி (நடுவதற்கு நறுக்கிய இந்தக் குச்சிதான் போத்து), அடிப்பக்கத்தைக் கோணலாகச் சீவ வேண்டும், அப்போதுதான் எது அடி எது தலை என்று குழம்பாது. (குழம்புவோம். முதல் நாள் பத்துப் போத்தைத் தலைகீழாக நட்டோம், அதில் இரண்டு துளிர்த்ததும் உண்மை.) கம்பியால் முதலில் துளை போட்டுவிட்டு அதில் செருக வேண்டும், சுத்தியலால் அடித்து இறக்கினால் தலை பிளந்து அழுகிவிடும். நேராக இல்லாமல் சரிவுக்குள் சாய்த்து, முக்கால் பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், வெளியே இரண்டு கணு போதும். பிறகு சுற்றி மண்ணைக் குதிகாலால் மிதித்து இறுக்க வேண்டும், உள்ளே காற்று நின்றால் வேர் வராது. முழங்கை இடைவெளியில் மூன்று வரிசை, ஒன்றுக்கொன்று தப்பி. நொச்சியை ஆடு கடிக்காது, அது பெரிய வரம். பூவரசும் இப்படிப் போத்தில் வரும், ஆனால் அதன் இலைக்கு ஆடு உயிரை விடும், எனவே அதை மேலே, முள் வளையத்துக்குள்தான் வைக்கிறோம்.

மேல்கரைக்கு வந்தால்தான் மரம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் செங்கடம்பு. வாரக்கணக்கில் நீரில் நின்றாலும் கவலைப்படாது, சிவப்பாகச் சரம் சரமாகப் பூத்துத் தொங்கும்போது அத்தனை அழகு. அதற்கு மேலே நீர்மருது, நாவல், புங்கன், கடைசியில் இலுப்பையும் பனையும். நாவல் கொட்டையைக் காயவைத்துப் பத்திரப்படுத்தினால் செத்துவிடும், பழம் விழுந்த வாரமே மண்ணுக்குப் போக வேண்டும். மருதுக்கு அந்த அவசரம் இல்லை. ஐந்து இறக்கை வைத்த கட்டை மாதிரிக் காய், ஊறவைத்து விதைத்துவிட்டு நாம் மறந்துபோன பிறகு முளைக்கும்.

காலம் விஷயத்தில் நிறைய அடி வாங்கினோம். புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் மழையே தண்ணீர் ஊற்றிவிடும் என்பது வயலுக்குச் சரி. கரையின் கீழ்ப்பக்கத்தில் அந்த நேரம் நட்டது கார்த்திகை வெள்ளத்தோடு கடலுக்குப் போய்ச் சேர்கிறது. இப்போது கீழ்வரிசையைத் தை மாதம், வெள்ளம் வடிந்து வண்டல் ஈரமாக இருக்கும்போதே நட்டுவிடுகிறோம். ஆற்றோரம் ஆனதால் வைகாசி வரைக்கும் அடி ஈரம் தாங்கும். மேல்வரிசை மட்டும் ஐப்பசியில்.

சீமைக்கருவேலத்தைப் பற்றி என் கருத்து நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காது. அது போக வேண்டிய மரம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆற்றுக்கரையில் அதை ஒரே நாளில் ஜேசிபி வைத்துப் பிடுங்குவது, பல் வலிக்கு வாயையே எடுப்பது மாதிரி. வேரோடு மண்ணும் பெயர்ந்து வரும், பிறகு மூன்று மாதத்தில் மழை. நாங்கள் வருடத்துக்கு ஒரு துண்டாக எடுக்கிறோம். முதல் வருடம் அதன் கீழேயே நாவலும் புங்கனும் வைத்துவிடுவோம், அதன் முள்ளே ஆட்டுக்கு வேலி. கன்று தலை தூக்கியதும் மேலே கிளை கழித்து வெளிச்சம் விடுவோம். மூன்றாவது வருடம் மரத்தை வெட்டி, தூரை மண்ணுக்குக் கீழே ஒரு சாண் தோண்டி எடுத்துவிட வேண்டும். தரைமட்டத்தில் வெட்டி விட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். விறகைக் கரிமூட்டம் போடுகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள், கூலிக்கு ஆகும்.

இந்தப் பொறுமையை நான் கற்றது பிச்சாவரத்தில். அங்கே அலையாத்திக் காட்டில் பெரிய பெரிய திட்டுகள் மொட்டையாகக் கிடந்த காலம் ஒன்று உண்டு. ஆடு மாடு மேய்ச்சலும் விறகு வெட்டுவதும்தான் காரணம் என்று வெகுநாள் பேச்சு. ஆனால் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பகுதி பகுதியாகக் காட்டை மொத்தமாக வெட்டி எடுத்ததில், வெயில் பட்ட நிலம் வற்றி நடுவில் தொட்டி மாதிரித் தாழ்ந்துபோனது. உள்ளே புகுந்த கடல் நீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பு ஏறியதில் எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள், நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகக் கிளைகள். அலை ஏறி இறங்க வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது, வாய்க்கால் ஓரம் வைத்த வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. படகில் போகிறவர்கள் சுரபுன்னை வேரைப் போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் போனால் அந்த வாய்க்கால்களையும் காட்டச் சொல்லுங்கள்.

ஆக, 2022க்கு வருகிறேன். வழித்தெடுத்தது போக மேற்குக் கோடியில் அறுபது தப்படி தூரம் மட்டும் தப்பியது. என் வாதத் திறமையால் தப்பியது என்று எழுத ஆசைதான். உண்மையில் வண்டிக்கு டீசல் தீர்ந்துபோய், டீசல் வாங்கப் போனவன் வர மாலையாகி, மறுநாள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் 2024. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, நகராமல் நின்றே கொட்டியது. மேலே திருவண்ணாமலைப் பக்கமும் மழை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். 1958ல் கட்டிய அணை அது, அப்படி ஒரு தண்ணீரை எங்கள் ஊரில் பெரியவர்களும் பார்த்ததில்லை என்றார்கள். வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஆறு எது கொல்லை எது என்று தெரியவில்லை. கரும்பின் தோகை நுனி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையிலும் அதே கதி, கீழே கடலூர் ஓரத்தில் தாழங்குடா, நாணமேடு, உப்பலவாடி எல்லாம் தண்ணீரில்.

நான்காம் நாள் போய்ப் பார்த்தேன். சவரம் செய்த பகுதியில் கரை என் தப்படியில் ஒன்பது தப்படி உள்ளே வந்திருந்தது. கொல்லைக்காரருடைய காய்க்கிற தென்னை மூன்று ஆற்றுக்குள் தலைகுப்புறக் கிடந்தன. நான் நின்று பார்க்கும்போதே இன்னொரு கட்டி மண் சரிந்து தண்ணீரில் விழுந்தது, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மேற்குக் கோடியில் அந்த அறுபது தப்படி நின்றது. நிற்க, இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சவரம் செய்த பகுதி ஆற்றின் வளைவில் இருக்கிறது, தண்ணீர் அங்கே கொஞ்சம் கூடுதலாகவே மோதும். மேற்குத் துண்டிலும் நாணல் பாதி போயிருந்தது, இரண்டு நாவல் சாய்ந்திருந்தன. வேரே இல்லாத கரையை இவ்வளவு தண்ணீர் என்ன செய்திருக்குமோ அதை மரங்கள் முழுசாகத் தடுத்துவிடும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் நொச்சி மொத்தமும் கிழக்குப் பார்த்துத் தலை வாரினாற்போலப் படுத்துக் கிடந்தது, மேலே ஒரு முழம் புது வண்டல். மண்ணைக் கையால் தள்ளிப் பார்த்தேன். தண்டு பச்சையாக இருந்தது. தை பிறப்பதற்குள் படுத்த தண்டின் கணுவெல்லாம் துளிர்விட்டு, ஒரு செடி இருந்த இடத்தில் வரிசையாக ஆறேழு நின்றன. ஆயா வந்து ஆவி பிடிக்கக் கொத்து ஒடித்துக்கொண்டு போனார்.

அந்தத் தையில் கொல்லைக்காரர் தானாகவே வீட்டுக்கு வந்தார். நேரடியாகக் கேட்கவில்லை. மாடு, மழை நிவாரணம், மகளுக்கு வரன் எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது, "அந்த நொச்சி போத்து ஒரு நானூறு வெட்டிக்கட்டுமா" என்றார். அவரே வெட்டினார், அவரே நட்டார், துளை போடாமல் சுத்தியலால் அடிக்கப் போனவரைத் தடுத்ததுதான் என் பங்கு. வளைவில் அடியில் பனங்கட்டைகளை முட்டாக இறக்கி, பின்னால் வெட்டிவேர் வைத்தோம். முக்கால்வாசி பிடித்திருக்கிறது.

போன வாரம் மறுபடி அவரிடமிருந்து போன். "தம்பி, மஞ்ச வண்டி வருதுப்பா, கர சுத்தம் பண்ணணுமாம்."

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "எங்கண்ணே வந்திருக்காங்க?"

"ஓடைக்கிட்ட. நான் வழியில கயித்துக் கட்டில போட்டு ஒக்காந்துட்டேன். அந்தப் பையன் டீ குடிக்கப் போயிருக்கான். நீ ஆபீசரப் பாத்து செடிய எடுக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கினு வா. சாயந்திரம் வரைக்கும்தான் ஒக்காருவேன், மாடு கறக்கணும்."